பிழிந்த நீர் எங்கே போகிறது?

கெட்டித் தயிரை ஒரு வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். சற்று நேரத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். அந்த நீரைப் பார்த்தால் ஓரளவு தெளிவாக இருக்கும். நாக்கில் வைத்தால் புளிக்கும். தயிரில் இருந்த புளிப்பும் உப்பும் நீரிலும் இறங்கிவிட்டன. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் நிலையத்திலும் இதே வேலை நடக்கிறது. அங்கே தயிர் இல்லை, கசடு. துணிக்குப் பதில் மணல் பாத்தி இருக்கும். அல்லது சுழற்றிப் பிழியும் இயந்திரம் இருக்கும். கசடைப் பிழியும்போது வடிகிற நீரை வடிநீர் என்று சொல்லலாம். அந்த வடிநீரில் என்ன இருக்கிறது? அது எங்கே போகிறது? யாருடைய வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது?

கசடு எப்படி வருகிறது?

வீட்டுச் சாக்கடை நீரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் 999 பங்கு தண்ணீர்தான். மீதி ஒரு பங்குதான் அழுக்கு. மலம், சிறுநீர், கஞ்சி, எண்ணெய், சோப்பு, மண் எல்லாம் அந்த ஒரு பங்குக்குள் அடக்கம். அதைப் பிரித்து எடுக்கத்தான் இவ்வளவு பெரிய தொட்டிகள்.

முதலில் கம்பி வலை. துணி, பிளாஸ்டிக் பை, குச்சி எல்லாம் அங்கே நிற்கும். அடுத்து மணல் படியும் தொட்டி. அதற்கு அடுத்து ஒரு பெரிய வட்டத் தொட்டி. அதில் நீர் இரண்டு மணி நேரம் போல மெதுவாக நகரும். கனமானவை அடியில் படியும். இது முதல் கசடு.

பிறகு நீரில் காற்றை ஊதுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகுகின்றன. அடுத்த தொட்டியில் அவை கூட்டமாகக் கீழே படிகின்றன. இது இரண்டாவது கசடு. மேலே தெளிந்த நீர் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகிறது.

அமைச்சர் வந்தால் இந்தத் தெளிந்த நீரைத்தான் கண்ணாடிக் குவளையில் எடுத்துக் காட்டுவார்கள். கசடை யாரும் குவளையில் எடுத்துக் காட்டுவதில்லை.

கசடு கூழைவிட நீர்த்திருக்கும். 100 லிட்டர் கசடில் கெட்டிப் பொருள் 4 கிலோ இருந்தாலே அதிகம். அதை அப்படியே லாரியில் ஏற்றினால் தண்ணீரைத்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். அதனால் முதலில் அதைச் செரிக்க வைக்கிறார்கள். பிறகு பிழிகிறார்கள்.

கிராமத்தில் சாண எரிவாயுக் கலன் பார்த்திருப்பீர்கள். செரிப்புத் தொட்டியும் அதுபோலத்தான், ஆனால் மூன்று மாடி உயரம் கூட இருக்கும். காற்று உள்ளே போகாது. ஏறத்தாழ 35 டிகிரிச் சூட்டில் 20 முதல் 30 நாட்கள் கசடு உள்ளே கிடக்கும். காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் அதை உடைத்து எரிவாயு தரும். அந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். அதை எரித்து மின்சாரமும் எடுக்கலாம்.

நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கசடில் உள்ள புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. புரதம் உடையும்போது அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா வாயுவோடு அதிகம் போவதில்லை. தண்ணீரில் கரைந்து நிற்கிறது. அதாவது, இதுவரை கெட்டிப் பொருளுக்குள் பூட்டிக் கிடந்த ஒன்று இப்போது திறந்து விடப்பட்டுத் தண்ணீருக்கு வந்துவிட்டது. பாஸ்பேட்டும் இதுபோலவே ஓரளவு கரைந்து வருகிறது.

இயந்திரம் பிழிந்த பிறகு 100 லிட்டர் கசடிலிருந்து 80 லிட்டருக்கு மேல் வடிநீர் வரும். மீதி ஈர மண் போல வெட்டி எடுக்கும் பதத்தில் நிற்கும்.

ஒரு காலை நேரப் பேச்சு

ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். கசடு பிழியும் கொட்டகையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நிற்கிறார். பக்கத்தில் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர்.

"அண்ணா, இந்தக் குழாயில் வரும் தண்ணீர் எங்கே போகிறது?"

"திரும்பவும் முதல் தொட்டிக்கே போகிறது, தம்பி."

"சுத்தம் செய்த இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பத்துக்கா? வீண் வேலையாக இருக்கிறதே. பக்கத்தில் மழைநீர்க் கால்வாய் இருக்கிறது. அதில் விட்டால் என்ன? பார்க்கவும் அவ்வளவு மோசமாக இல்லை."

ஆபரேட்டர் ஒரு குவளையில் வடிநீரைப் பிடித்து இளைஞரிடம் நீட்டினார். மூக்கருகே கொண்டு போனதும் இளைஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"அதுதான் அம்மோனியா. வாசலில் வருகிற சாக்கடையில் லிட்டருக்கு 30, 40 மில்லிகிராம் இருக்கும். இதில் 500க்கு மேல் இருக்கும். சில நாள் 1000 கூட வரும். ஆற்றில் விடும் நீரில் 50க்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இதைக் கால்வாயில் விட்டால் என்ன ஆகும், நீயே சொல்."

"அப்படியானால் திரும்ப உள்ளே விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா, அண்ணா?"

ஆபரேட்டர் உடனே பதில் சொல்லவில்லை. "எப்போது விடுகிறோம் என்பதைப் பொறுத்தது" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை ஒரு கணக்கால் பார்ப்போம்.

ஒரு சிறிய நிலையத்துக்கு நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் சாக்கடை நீர் வருகிறது. ஒவ்வொரு லிட்டரிலும் 40 மில்லிகிராம் அம்மோனியா. மொத்தம் 400 கிலோ. அதே நிலையத்தில் கசடைப் பிழிந்தால் 1 லட்சம் லிட்டர் வடிநீர் வருகிறது. ஒவ்வொரு லிட்டரிலும் 800 மில்லிகிராம். மொத்தம் 80 கிலோ. தண்ணீரைப் பார்த்தால் நூற்றில் ஒரு பங்குதான். அம்மோனியாவைப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

கசடு பிழியும் இயந்திரத்தைப் பகலில், ஆட்கள் இருக்கும்போதுதான் ஓட்டுகிறார்கள். அந்த 80 கிலோவும் காலையில் சில மணி நேரத்துக்குள் உள்ளே வந்து விழுகிறது. ஊரில் எல்லாரும் குளித்து, துவைத்து, கழிப்பறை போகும் நேரமும் அதுதான். ஆக, சாக்கடையும் நிறைய வருகிறது, வடிநீரும் சேர்ந்து வருகிறது. 1 கிலோ அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நுண்ணுயிர்களுக்கு நாலரை கிலோ ஆக்சிஜன் வேண்டும். காற்று ஊதும் இயந்திரம் திணறிப் போகிறது. நடுவில் மின்சாரமும் நின்றால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஆற்றுக்குப் போகும் நீரில் அம்மோனியா ஏறியிருக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வடிநீரை ஒரு தனித் தொட்டியில் சேர்த்து வைக்க வேண்டும். ஊர் உறங்கும் நடு இரவில், சாக்கடை வரத்துக் குறைவாக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். ஒரு தொட்டியும் ஒரு பம்பும் போதும். இரவில் வால்வைத் திறக்க ஓர் ஆளும் வேண்டும். பல இடங்களில் தொட்டி இருக்கிறது, அந்த ஆள்தான் இல்லை.

வடிநீரில் வேறு என்ன இருக்கிறது?

பாஸ்பேட் இருக்கிறது. ஏரியில் சேர்ந்தால் ஆகாயத் தாமரையும் பாசியும் பெருகும். அவை அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீரும். மீன் செத்து மிதக்கும். நிலையத்துக்குள்ளேயும் பாஸ்பேட் தொல்லை தரும். அம்மோனியாவோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து வெள்ளைக் கல்லாகக் குழாய்க்குள் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதைப்போல என்று சொல்லலாம், ஆனால் இது பாறை போலப் பிடிக்கும். சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கல்லே நல்ல உரம். குழாயில் படியும் முன் தனித் தொட்டியில் மக்னீசியம் சேர்த்துப் படியவைத்து எடுத்தால் வயலுக்குப் போடலாம். வெளிநாடுகளில் சில நகரங்கள் இப்படி எடுத்து விற்கின்றன.

மெல்லிய தூள் கசடும் வடிநீரில் மிதந்து வரும். இயந்திரம் சரியாகப் பிழியாத நாளில் வடிநீர் கறுப்பாக இருக்கும். ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் கெட்டிக் கசடோடுதான் ஒட்டிக்கொள்ளும். தூள் வந்தால் அவையும் கூட வரும். செரிப்புத் தொட்டி கெட்டுப்போய்ப் புளித்தால் உலோகங்கள் கரைந்தும் வரலாம்.

கிருமிகளும் உண்டு. கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் கசடில் சேரும். உருண்டைப்புழுவின் முட்டை மிகவும் அழுத்தமானது. செரிப்புத் தொட்டியின் சூட்டுக்கு அது சாவதில்லை. தூள் கசடோடு முட்டையும் வரலாம் என்பதால், வடிநீரைக் கையால் அள்ளக் கூடாது. கீரைப் பாத்திக்கும் விடக் கூடாது. நாம் விழுங்கும் மருந்துகளின் மிச்சமும், துணியிலிருந்து உதிரும் நுண் பிளாஸ்டிக் இழைகளும் கசடில் இருப்பதாக அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

வடிநீரை நிலத்தில் விட்டால் இன்னொரு ஆபத்து. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மண்ணில் நிற்காது, கிணற்றுக்கு இறங்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. புட்டிப் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது பெரிய ஆபத்து. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

டில்லியில் குழாய் நிற்கும் நாட்கள்

அம்மோனியா ஒரு நகரத்தை எப்படி வாட்டும் என்பதற்கு டில்லி சாட்சி. டில்லியின் குடிநீரில் ஒரு பகுதி யமுனையிலிருந்து, வஜீராபாத் அருகே எடுக்கப்படுகிறது. அதற்கு மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஆற்றில் கலக்கின்றன. குளிர்காலத்தில் ஆற்றில் நீர் குறையும்போது அம்மோனியா ஏறிவிடும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் குடிநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வருகிறது. காரணம் குளோரின். கிருமியைக் கொல்லப் போடும் குளோரினை அம்மோனியா முதலில் பிடித்துக்கொள்ளும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழெட்டு மில்லிகிராம் குளோரின் செலவாகும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. இப்படிப் பல ஆண்டுகளில் டில்லியின் சில பகுதிகளில் குழாய் நின்றிருக்கிறது. பெண்கள் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஒரு மில்லிகிராம் என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு கூட இல்லை. வடிநீரில் இருப்பதோ அதைப் போல ஐந்நூறு, ஆயிரம் மடங்கு.

கான்பூரின் கசடு

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கிறது கான்பூர். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஜாஜ்மாவ் என்ற பகுதி. அங்கே நூற்றுக்கணக்கான தோல் பதனிடும் ஆலைகள். அந்தத் தொழிலை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்கக் குரோமிய உப்பைப் போடுகிறார்கள். எல்லா உப்பும் தோலில் ஏறுவதில்லை. மீதி கழிவுநீரோடு போகும். 1986ஆம் ஆண்டு கங்கைச் செயல் திட்டம் தொடங்கியது. 1987 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல்நிலைச் சுத்திகரிப்பு வசதி செய்யாத கான்பூர் தோல் ஆலைகளை மூட உத்தரவிட்டது. பிறகு நெதர்லாந்து நாட்டின் உதவியோடு ஜாஜ்மாவில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். 1994இல் அது ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் தோல் ஆலைக் கழிவோடு 2 கோடியே 70 லட்சம் லிட்டர் வீட்டுச் சாக்கடையைக் கலந்து சுத்தம் செய்வது திட்டம். அதாவது ஒன்றுக்கு மூன்று.

அங்கே நீர் தொட்டியின் அடியிலிருந்து மேலே ஏறும். நடுவில் கசடு ஒரு போர்வை போல நிற்கும். அழுக்கை அந்தப் போர்வையில் உள்ள நுண்ணுயிர்கள் உடைக்கும். குரோமியம்? அதை எந்த நுண்ணுயிராலும் தின்று தீர்க்க முடியாது. அது ஓர் உலோகம். நீரிலிருந்து போனால் கசடுக்குப் போகும், கசடிலிருந்து போனால் நீருக்கு வரும். மறைந்து போகாது.

சாதாரணக் கசடாக இருந்தால் உலர்த்தி எருவாகப் போடலாம். குரோமியக் கசடைப் போட முடியாது. அது அபாயக் கழிவு. அடியில் நீர் இறங்காத உறை போட்ட குழியில்தான் புதைக்க வேண்டும். திறந்த வெளியில் குவித்தால் மழை அதைக் கழுவும். அப்போது வடிவதும் வடிநீர்தான், ஆனால் அதைப் பிடிக்கத் தொட்டியும் இல்லை, திருப்பி அனுப்பக் குழாயும் இல்லை.

குரோமியம் இரண்டு வடிவில் காணப்படுகிறது. வேதியியலில் மூன்று என்றும் ஆறு என்றும் அவற்றுக்கு எண் கொடுத்துச் சொல்வார்கள். தோல் ஆலையில் போடுவது மூன்று. அதன் நஞ்சு குறைவு, தண்ணீரில் எளிதில் ஓடாது. ஆறு என்பது கொடியது. நன்றாகக் கரையும், புற்றுநோய் தரும். குரோமியக் கசடைக் காற்றுப் படும்படி எரித்தால் மூன்று ஆறாக மாறலாம். அதனால் அதைச் செங்கல் சூளையிலோ அடுப்பிலோ போடக் கூடாது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

ஜாஜ்மாவில் சுத்தம் செய்த நீர் வாய்க்கால் வழியே பக்கத்துக் கிராமங்களின் வயலுக்குப் பாய்ந்தது. சாக்கடை நீரில் உரச்சத்து உண்டு, விவசாயிகளும் விரும்பி ஏற்றார்கள். ஆண்டுகள் போகப் போக அந்த மண்ணில் குரோமியம் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். முன்பு இங்கே ரோஜா பயிரிட்டோம், இந்தத் தண்ணீர் வந்தபின் ரோஜா போய்விட்டது என்று விவசாயிகள் சொன்னார்கள். கை கால் அரிப்பு, தோல் வெடிப்பு என்றும் முறையிட்டார்கள். வாய்க்காலை மறுக்கவும் அவர்களால் முடியவில்லை. வேறு தண்ணீர் இல்லை.

இதில் நிலையத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. குரோமியத்தைப் பிடிக்க வேண்டிய இடம் தோல் ஆலையின் முற்றம். குரோமிய நீரைத் தனிக் குழாயில் எடுத்து, காரம் சேர்த்தால் குரோமியம் பச்சைக் குழம்பாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் தோலுக்கே போடலாம். ஆலைக்கும் லாபம். ஆனால் சிறிய ஆலைகளுக்கு இடமும் இல்லை, முதலும் இல்லை. எல்லாக் கழிவும் ஒரே சாக்கடையில் கலந்த பிறகு பிரிப்பது, பாயசத்தில் விழுந்த உப்பைப் பிரிப்பது போலத்தான்.

கசடைத் தேக்கி வைப்பதும் உயிரைக் கேட்கும். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையிலும் தோல் ஆலைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை அங்கே கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கசடில் மூழ்கினார்கள். 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தொட்டிக்குள் இறங்காதீர்கள்

கசடு கிடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேயே விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். வடிநீர்த் தொட்டியும் இப்படிப்பட்ட இடம்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ மலத் தொட்டியிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஊரார் என்ன கேட்கலாம்?

உங்கள் ஊருக்கு அருகே சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், "தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் பதில் வரும். கசடு எத்தனை டன், அது எங்கே போகிறது என்று கேளுங்கள். பிழிந்த நீருக்குத் தனிக் குழாய் இருக்கிறதா, அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். மணல் பாத்திக்கு அடியில் உறை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாத்திக்குப் பக்கத்துக் கிணற்றில் நைட்ரேட் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்பதையும் விசாரியுங்கள். வெளியேறும் நீரின் சோதனை அறிக்கை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒரு வெள்ளைத் தாளும் சிறு கட்டணமும் போதும். எழுதத் தெரிந்தவர் எழுதலாம், மற்றவர்கள் கையெழுத்துப் போடலாம்.

செய்து பாருங்கள்

ஒரு நிலையத்தில் நாளொன்றுக்கு 50,000 லிட்டர் வடிநீர் வருகிறது. ஒவ்வொரு லிட்டரிலும் 600 மில்லிகிராம் அம்மோனியா இருக்கிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ? காவலாளி இல்லாத இரவில் அந்த நீரை ஊர் ஏரியில் விட்டால், ஒரு மாதத்தில் எத்தனை கிலோ சேரும்? உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நடந்து போய்ப் பார்த்து, வழியை ஒரு தாளில் வரைந்து வாருங்கள்.